கழுகைச் சுடாதவர்களுக்குத் திட்டம் இல்லை

எங்கள் மலையில் கழுகைச் சுட்டவன் ஒருவன்கூட இல்லை. அத்தனை தொல்லைக்கும் இந்தக் குறைதான் காரணம்.

அரும்பறவை விழிப்புணர்வு வட்டார அலுவலகத்தின் வேன் எங்கள் ஊருக்கு முதன்முதலாக வந்த அன்று நல்ல மழை. சேற்றில் புதைந்த வேனை ஊரே சேர்ந்து தள்ளியது. கோழிகளைக்கூட அடைக்காமல் எல்லோரும் ஓடிவந்திருந்தார்கள். வேனிலிருந்து முதலில் ஸ்பீக்கர் பெட்டிகள் இறங்கின, பிறகு பேனர், பிறகு நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் ஜொவெலின், கடைசியாக டைரக்டர் பலோமார். சேறு படாமல் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தது என் அண்ணன் பிலோ. தியோபிலோ என்பது முழுப்பெயர். ஊரில் யார் வீட்டு வேலையாக இருந்தாலும் முதலில் முதுகைக் கொடுப்பவன் அவன்தான்.

பேனரைக் கட்டினார்கள். முக்கால்வாசி டைரக்டரின் முகம். மிச்சமிருந்த மூலையில் ஒரு கழுகு. அதற்குத் தலை வெள்ளைவெளேரென்று இருந்தது. எங்கள் காட்டுக் கழுகுக்குப் பிடரியெல்லாம் பழுப்பு மயிர் சிலிர்த்துக்கொண்டு, தூங்கி எழுந்து தலை வாராத ஆள் போல இருக்கும்.

"இது எந்த ஊருக் கழுகும்மா?" என்று ஜொவெலினிடம் கேட்டேன்.

"பொதுவான கழுகு அக்கா. பேனர் கடையில அதுதான் இருந்துச்சு."

எங்கள் கழுகு ஒன்றும் பொதுவானதல்ல. எங்கள் மிண்டனாவோ தீவின் மலைகளில் மிச்சமிருக்கும் கொஞ்ச ஜோடிகளில் ஒன்று, ஓடைக்கு மேலே என் அண்ணனின் அபகா நார்வாழைத் தோட்டத்து எல்லையில் நிற்கிற பெரிய லவான் மரத்தில் கூடு கட்டியிருந்தது. அந்த வருஷம் கூட்டில் ஒரு குஞ்சு. அண்ணன் கீழே உட்கார்ந்து நார் உரிப்பான், மேலே அது பசிக்கு அழும். இரண்டு பேருக்கும் அது பழகிப்போயிருந்தது. ஒருமுறை என் ஆட்டுக்குட்டி ஒன்றைத் தாய்க்கழுகு தூக்கிப்போனது உண்மைதான். நான் மூன்று தலைமுறைக்கும் சேர்த்து அதைத் திட்டினேன். திட்டி முடித்ததும் விஷயம் முடிந்துவிட்டது.

ஆனால் எங்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று டைரக்டர் சொன்னார். முதலில் ஜெபம், பிறகு தேசிய கீதம், பிறகு வரவேற்புரை, பிறகு வரவேற்றவரை வரவேற்று ஓர் உரை. அதன்பின் சோம்பல் முறிக்க ஜொவெலின் பாட்டுப் போட, நாங்கள் எல்லோரும் எழுந்து கைகளைச் சிறகு போல அடித்து ஆடினோம். எங்கள் கப்பித்தான், அதாவது ஊர்த்தலைவர், மூட்டுவலிக்காரர், ஒரு சிறகை மட்டும் அடித்தார். கடைசியில் டைரக்டர் பேசினார்.

"அன்பார்ந்த மலைவாழ் சகோதரர்களே. இந்தப் பறவை அழிந்துகொண்டிருக்கும் வரை எங்கள் அலுவலகம் ஓயாது. பறவை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கு எங்கள் பணி வளரும். இது என் உறுதிமொழி."

நாங்கள் கைதட்டினோம். வந்த விருந்தாளி பேசினால் கைதட்டுவது எங்கள் வழக்கம்.

"இங்கே கழுகைச் சுட்டவர் யார்? பயப்பட வேண்டாம். மனம் திருந்தி மேடைக்கு வாருங்கள்" என்றார்.

யாரும் அசையவில்லை. டைரக்டரின் முகம் வாடியது. ஜொவெலினும் அவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது, பின்னால் சோற்றுப் பானையோடு நின்ற எனக்குக் கேட்டது.

"ஒருத்தர்கூடவா இல்ல?"

"கீழ ஊர்லயும் இல்ல சார். அதுக்குக் கீழ ஊர்லயும் இல்ல."

"திருந்தினவன் ஒருத்தன் இல்லாம மேலிடத்துக்கு நான் எதைக் காட்டறது?"

எங்கள் பக்கம் ஒரு பழக்கம். வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பமாட்டோம். கேட்டது இல்லையென்றால் இருப்பதில் ஒன்றைக் கட்டிக் கொடுத்தாவது அனுப்புவோம், இல்லையென்றால் வெட்கத்தில் ராத்திரி தூக்கம் வராது. இவ்வளவு தூரம் சேற்றில் வந்தவர், என் பெட்டைக்கோழிகளின் குழம்பைக் குடித்தவர், கேட்டது ஒரே ஒரு பாவி. என் அண்ணனால் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டான்.

"எங்கிட்ட ஒரு ஏர்கன் இருக்கு சார்."

"சுட்டிருக்கீங்களா?"

"ஒரு தடவ. புறாவ."

"செத்துச்சா?"

"பறந்துருச்சு சார்."

டைரக்டர் ஜொவெலினைப் பார்த்தார். ஜொவெலின் அண்ணனைப் பார்த்தாள். "அண்ணே, பறந்துட்டதால அது எந்தப் பறவைன்னு உங்களுக்கு உறுதியாச் சொல்ல முடியாதுல்ல?" என்றாள். அண்ணன் யோசித்துப் பார்த்து, முடியாதுதான் என்றான். இப்படித்தான் என் அண்ணன் கழுகுக்கொல்லி ஆனான்.

அவனை இரண்டு படம் எடுத்தார்கள். விழிப்புணர்வுக்கு முன், துப்பாக்கியோடு பல்லைக் கடித்துக்கொண்டு. விழிப்புணர்வுக்குப் பின், சான்றிதழோடு சிரித்துக்கொண்டு. துப்பாக்கியை மேடையில் டைரக்டர் காலடியில் வைத்து ஒப்படைத்தான். கூட்டம் முடிந்ததும் ஜொவெலின் அதைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தாள்.

"அடுத்த வாரம் டவுன்ல நிகழ்ச்சி இருக்குண்ணே. அங்கயும் ஒப்படைக்கணும். பத்திரமா வச்சுக்குங்க."

"போலீஸு புடிச்சுக்க மாட்டாங்களாம்மா?" என்று கேட்டான் அண்ணன்.

"போலீஸுக்கு முதல் வரிசையில நாற்காலி போட்டிருக்கோம்ணே. அவங்கதான் மொதல்ல கை தட்டுவாங்க."

அதன்பின் அண்ணனுக்கு ஓய்வே இல்லை. எங்கள் ஜெபக் கூட்டங்களில் குடிகாரர்கள் எழுந்து சாட்சி சொல்வார்கள், நான் இப்படிக் குடித்தேன், இப்படி அடித்தேன், கர்த்தர் காப்பாற்றினார் என்று. டைரக்டர் அதே ராகத்தில் அண்ணனுக்கு ஓர் உரை எழுதிக்கொடுத்தார். டவுனில் அவன் ஒரு கழுகைச் சுட்டான். அடுத்த மேடையில் அது அவன் மடியில் கிடந்து அவன் கண்ணைப் பார்த்து உயிர்விட்டது. மாகாணத் தலைநகரில் அதன் ஜோடியும் சேர்ந்து செத்தது, அனாதைக் குஞ்சு ஒன்று மூன்றாம் பத்தியில் அழுதது. அந்த இடத்தில் அண்ணனும் தேம்பித் தேம்பி அழுவான். பெண்கள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

"நெசமாவே எப்படிண்ணே அழற?" என்று நான் கேட்டேன்.

"அந்த நேரத்துக்கு எனக்குப் பசி தாங்காது நேனி. எல்லாரும் பேசி முடிச்சப்புறம்தான என்னக் கூப்புடறாங்க."

நானாக இருந்தால் முதல் மேடையிலேயே மைக்கைப் பிடுங்கி வீசியிருப்பேன். அவன் அப்படியல்ல. மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர்களை இந்த உலகம் துவைக்கிற துணி மாதிரி போட்டு அடிக்கிறது என்று அப்போது எனக்கு எரிச்சலாக வந்தது. டவுன் சந்தையில் மீன் விற்கிறவள் அவனுக்குச் சில்லறை கொடுக்கும்போது கையைத் தொடாமல் பலகையில் போட்டாள். அன்று வீட்டுக்கு வந்தவன் நார் உரிக்கப் போகாமல் சும்மா உட்கார்ந்திருந்தான். மனசு பொறுக்காமல் பங்குச் சாமியாரிடம் பாவமன்னிப்புக்குப் போய், "நான் பொய் சொல்லிட்டேன் சாமி, எந்தக் கழுகையும் சுடல" என்றிருக்கிறான். சாமியார் ரேடியோவில் அவன் சாட்சியைக் கேட்டவர். "செஞ்ச பாவத்த மறைக்கிறது அதவிடப் பெரிய பாவம் மகனே" என்று சொல்லி, கழுகுக் கொலைக்கு உண்டான ஜெபங்களைச் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

என் புருஷன் மார்சியானோவுக்கு இதில் வேறு விதமான வருத்தம். அண்ணன் வீட்டுச் சுவரில் சான்றிதழ்கள் பெருகின. அண்ணன் குளிர்சாதன வேனில் போனான். ஓட்டலில் தங்கி, வறுத்த பன்றியின் மொறுமொறுத் தோலை வரிசையில் நிற்காமல் தின்றான். மேயர் அவனை சார் என்று கூப்பிட்டார். மார்சியானோவை வாழ்நாளில் ஒருவரும் சார் என்று கூப்பிட்டதில்லை. நான் கூப்பிட்டதெல்லாம் கணக்கில் சேராது.

ஒருநாள் அண்ணனை அழைத்துப்போக வந்த ஜொவெலினை அவர் வழிமறித்தார்.

"என்னையும் சேத்துக்குங்க தங்கச்சி. நானும் நல்லா அழுவேன்."

"கழுகு சுட்டிருக்கீங்களாண்ணே?"

"இல்ல."

"அப்ப நீங்க தகுதி பெறலண்ணே. சுடாதவங்களுக்கு எங்ககிட்ட திட்டம் இல்ல."

"கழுக ஒண்ணும் பண்ணாம வாழ விட்டிருக்கோமே, அதுக்கு ஒண்ணும் இல்லயா?"

"அது வேற துறைண்ணே. அந்தத் துறைய இன்னும் ஆரம்பிக்கல."

மார்சியானோ தலையைச் சொறிந்தார். "அப்ப சுட்டுட்டு வந்தா?"

ஜொவெலின் பதறிவிட்டாள். "ஐயோ, சுடக் கூடாதுண்ணே. பெரிய குத்தம். ஜெயில்ல போட்டுருவாங்க." வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு, கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் விட்டால் நன்றாயிருக்காது என்று நினைத்தாளோ என்னவோ, கண்ணாடியை இறக்கினாள். "அடுத்த பேட்ச் கழுகு வாரத்துக்கு அப்புறம்தான். ஒருவேள அதுக்குள்ள யாராவது சுட்டுத் திருந்தியிருந்தா விண்ணப்பிக்கலாம். பொதுவாச் சொல்றேண்ணே."

நான் அடுப்படியில் இருந்தேன். இதைக் கேட்டுச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

கழுகு வாரத்தின் நிறைவு விழா டவுன் மைதானத்தில். அண்ணனின் பேச்சுதான் முக்கிய நிகழ்ச்சி. சமையலுக்காக நானும் வேனில் போனேன். மார்சியானோ மட்டும் காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துக்கொண்டார். மைதானத்தில் பள்ளிக்கூட பேண்டு வாத்தியம், பலூன், கழுகு வேஷம் போட்ட ஒரு ஆள். தெருநாய்கள் அந்தக் கழுகை மேடைக்குப் பின்னால் விரட்டிக்கொண்டிருந்தன. டைரக்டர் அரைமணி நேரமாகத் தன்னடக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, துப்பாக்கிய எடுங்க, அடுத்தது நீங்கதான்" என்றாள் ஜொவெலின்.

அண்ணன் துணிச்சுருளைப் பிரித்தான். உள்ளே இருந்தது என் துடைப்பத்தின் கட்டை.

அண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். போர்த்திப் படுத்திருந்த மார்சியானோ ஷூ போட்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூட்டில் இருக்கும் குஞ்சு இன்னும் பறக்கக் கற்கவில்லை. தாய் செத்தால் குஞ்சும் செத்தது. பிடிபட்டால் என் புருஷன் ஜெயிலுக்கு. இரண்டையும் நினைத்தேன். முதலில் எதை நினைத்தேன் என்று கேட்காதீர்கள்.

அண்ணன் மேடைக்கு ஓடினான். மைக்கைப் பிடித்தான். டைரக்டர் எழுதிக்கொடுக்காததை அவன் பேசியது அன்றைக்குத்தான்.

"நான் எந்தக் கழுகையும் சுடல. சுட்ட ஒரே புறாவும் பறந்துருச்சு. நான் சொன்னதெல்லாம் பொய். என்னப் பாத்து என் மச்சான் இப்பக் கழுகச் சுடப் போயிருக்கான். யாராவது வாங்க, தடுக்கணும்."

டைரக்டர் மெதுவாக எழுந்து வந்து அண்ணனின் தோளில் கைபோட்டு, மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"பார்த்தீர்களா? ஆழ்ந்த குற்றவுணர்வு கொண்டவர், தான் செய்ததையே மறுப்பார். இது திருந்துதலின் இறுதி நிலை. இவ்வளவு தூரம் ஒரு மனிதரைக் கொண்டுவர எங்கள் அலுவலகத்தால் மட்டுமே முடியும்."

மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. முதல் வரிசையிலிருந்த போலீஸ்காரர் விசில் அடித்தார். இரண்டு சிறுமிகள் அண்ணனுக்கு மாலை போட்டார்கள். பேண்டு முழங்க, எல்லோரும் கைகளைச் சிறகு போல அடித்து ஆடத் தொடங்கினார்கள். அத்தனை சிறகுகளுக்கும் நடுவே வழி கிடைக்காமல் என் அண்ணன் மேடையின் பின்பக்கம் குதித்தான். நான் ஒரு வாடகை மோட்டார் சைக்கிளை நிறுத்திவைத்திருந்தேன். மாலையோடே ஏறினான்.

பின்னால் வேன் வருவதைப் பாதி மலையில்தான் பார்த்தோம். உதவிக்கு வருகிறார்கள் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது. பிறகுதான் ஜொவெலின் சொன்னாள். "அசல் 'முன்' படம் இதுவரைக்கும் நம்மகிட்ட ஒண்ணுகூட இல்ல, ஓட்டுப்பா" என்று டிரைவரை டைரக்டர் விரட்டிக்கொண்டே வந்தாராம்.

ஓடையைத் தாண்டி லவான் மரத்தடிக்கு மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தோம். மார்சியானோ வேரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி மடியில் கிடந்தது. ஒரு கையால் பிடரியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சுட்டுட்டியாய்யா பாவி?" என்றேன்.

"உஷ். கத்தாத" என்றார். "சாப்புட்டுக்கிட்டிருக்கு."

மேலே பார்த்தோம். தாய்க்கழுகு எதையோ கிழித்துக் குஞ்சின் வாயில் வைத்துக்கொண்டிருந்தது.

"வந்தவொடனே குறி வச்சேன் மச்சான்" என்று அண்ணனிடம் கிசுகிசுத்தார். "அப்பத்தான் அது எரையோட வந்து உக்காந்துச்சு. சாப்புடறவங்கள எப்படிச் சுடறது? சரி, முடிக்கட்டும்னு உக்காந்தேன். இந்தக் குட்டி முடிக்கவே மாட்டேங்குது. நம்ம வீட்டுதுங்க மாதிரியே தின்னுது. அண்ணாந்து அண்ணாந்து கழுத்து புடிச்சுக்கிச்சு."

எங்கள் ஊரில் சாப்பிடுகிறவனிடம் கடனைக்கூடக் கேட்க மாட்டார்கள். சாப்பிடுகிற நேரத்தில் யார் வந்தாலும் வா, உட்கார் என்பார்கள், வந்தவன் காத்திருப்பான். அந்தப் பழக்கம் கழுகுக்கும் சேர்த்துத்தான் என்று எவரும் எங்களுக்கு வகுப்பு எடுத்ததில்லை. என் புருஷனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

"என்னப் பாத்தா போன? நான்தான் ஒண்ணையும் சுடலயே, மடையா" என்றான் அண்ணன்.

"சுடாமயா பன்னித்தோல் போட்டாங்க?"

"சுட்டேன்னு சொன்னேன். அவ்ளோதான். சொன்னாப் போதும், யாரும் சுட வேணாம்."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஷூவையாவது நனைக்காம இருந்திருப்பேன்ல மச்சான்."

அதற்குள் டைரக்டர் புதர்களை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். பின்னால் கேமராவோடு ஜொவெலின். எங்கள் சத்தம் கேட்டோ என்னவோ, தாய்க்கழுகு எழும்பிக் காட்டுக்குள் போய்விட்டது. குஞ்சு கூட்டில் தலையைத் தாழ்த்திக்கொண்டது.

"சுட்டாச்சா?" என்றார் டைரக்டர்.

"இல்ல சார்" என்றார் மார்சியானோ.

"இனிமே?"

"இனிமேலும் இல்ல சார். மன்னிச்சுக்குங்க."

டைரக்டரின் முகம் முதல்நாள் போலவே வாடியது. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். ஜொவெலின் மட்டும் கேமராவைக் கீழே விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். "சார், அங்க பாருங்க. நம்ம கழுகு" என்றாள். இந்த வேலைக்கு வந்தபின் அவள் பார்த்த முதல் கழுகு அது. அவருக்கும் அதுதான்.

அவர் பார்த்தார். அந்தக் குட்டித் தலையின் சிலிர்த்த மயிரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தார். அவர் முகத்திலும் ஏதோ இளகியது, நான் பொய் சொல்ல மாட்டேன். பிறகு ஓடையைப் பார்த்தார், சமதளத்தைப் பார்த்தார், கைகளை அகல விரித்து அளந்தார்.

"ஜொவெலின், அடுத்த வருஷ நிறைவு விழாவ இங்கயே வச்சிரலாம். கழுகோட வீட்லயே கழுகு வாரம். அமைச்சர் ஓடையப் பாத்து உக்காருவார். மேடை இங்க, ஸ்பீக்கர் அங்க." ஒரு நிமிஷம் யோசித்தார். லவான் மரத்தைத் தட்டிப் பார்த்தார். "இந்த மரம்தான் எடைஞ்சலா இருக்கு. இத மட்டும் எடுத்துட்டா நல்லா இருக்கும்."

மார்சியானோ மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினார்.

"மச்சான், ஆள் கெடைச்சாச்சு."

அந்த அலுவலகம் இத்தனை மலை ஏறி இறங்கி, ஊர் ஊராகத் தேடியது, கழுகுக்குக் கெடுதல் செய்யப்போகிற ஒரே ஒரு மனிதனை. இதோ நிற்கிறார். அண்ணன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி ஒரு கிளையில் போட்டான். டைரக்டரின் தோளைப் பிடித்து வேரில் உட்கார வைத்தான். இந்தத் தடவை அவன் யாருக்கும் வெட்கப்படவில்லை.

"சார், உக்காருங்க. கூட்டம் ஆரம்பிக்கலாம்."

"என்ன கூட்டம்?"

ஜொவெலின் எங்களைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். அவள் குரல் பழக்கத்தில் தானாக வந்தது. "முதலில் ஜெபம்."

ஜெபம் என்ற சொல் காதில் விழுந்ததும் டைரக்டரின் தொப்பி கழன்றது, கண் மூடிக்கொண்டது. எத்தனை வருஷத்துப் பயிற்சி. அண்ணன் சுருக்கமாக ஜெபம் செய்தான். "வலது கைய உயர்த்துங்க சார்" என்றான். கை உயர்ந்தது.

"இந்த மரத்த நான் வெட்ட மாட்டேன்."

"இந்த மரத்தை நான் வெட்ட மாட்டேன்" என்றார் டைரக்டர், மேடைக் குரலில்.

"வெட்டச் சொல்லவும் மாட்டேன்."

"வெட்டச் சொல்லவும் மாட்டேன்."

"ஸ்பீக்கரக் கொண்டுவர மாட்டேன்."

இங்கே அவர் ஒரு கண்ணைத் திறந்தார். என் புருஷன் மடியில் கிடந்த துப்பாக்கியையும் பார்த்தார். அதிலிருந்த ரவையை மார்சியானோ முன்பே எடுத்துவிட்டது அவருக்குத் தெரியாது. "கொண்டுவர மாட்டேன்" என்றார்.

அப்போது குஞ்சு அழுதது. ஒரே இழுப்பாக, மெல்லிய குரலில். மறுபடி அழுதது. டைரக்டர் இரண்டு கண்ணையும் திறந்து அண்ணாந்தார். உயர்த்திய கையை இறக்க மறந்துவிட்டார்.

"அதுக்குப் பசியா?" என்று கேட்டார். கழுகுக்காக அவர் கேட்ட முதல் கேள்வி அது. குரல்கூடத் தாழ்ந்துதான் வந்தது.

"பாதிச் சாப்பாட்டுல நாம வந்துட்டோம்ல சார்" என்றார் மார்சியானோ. "நாம போனாத்தான் அதோட அம்மா வரும்."

டைரக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். நன்றியுரைக்கு ஆள் தேடினார் என்று நினைக்கிறேன். யாரும் எழவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு, பாதையில் சருகு மிதிபடாமல் முதல் ஆளாக இறங்கிப் போனார்.